படித்தது மறைந்த இருபத்து மூன்று நாட்கள்

நான் எழுதியதில் எதுவும் நாலு வரிக்கு மேல் போனதில்லை. பதினாறு வருடம் எழுதினேன். எல்லாம் "என்ன மாற்றியிருக்கிறோம்" என்ற தலைப்பில் வந்தவை. கீழே என் பெயர் இருக்காது. இவ்வளவு நீளமாக எழுதுவது எனக்கே புதுசு.

போன மாதம் ஓய்வு பெற்றேன். என் நாற்காலியில் இப்போது மீனா உட்காருகிறாள். புகார்களை இனிமேல் கம்ப்யூட்டரே படித்து வகை பிரித்துவிடும் என்று ஓர் ஏற்பாடு வந்திருக்கிறது. நல்லதுதான். வேலை குறையும். ஆனாலும் மீனா கேட்டாள்.

"அக்கா, எந்த வகையிலயும் அடங்காத புகாரு ஒங்களுக்கு வந்துருக்கா?"

வந்திருக்கிறது. எழுதித் தருகிறேன் என்றேன்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அருப்புக்கோட்டையில், ஒரு பாத்திரக் கடைக்கு மேல், ஆறு பேர் வேலை பார்க்கும் அலுவலகம். நாங்கள் நடத்துவது ஓர் இணையப் பக்கம். பத்திரிகை, அரசுத் துறை, சந்தை, வானிலை என்று பல இடங்களில் புதிதாக வரும் செய்தியை அது தினமும் ராத்திரி தானே போய் எடுத்துவந்து ஒரே பட்டியலாகக் காட்டும். யாருக்கு எது வேண்டுமோ அதைத் தேர்ந்துகொள்ளலாம். கொத்தமல்லி வியாபாரிக்கு மல்லி விலை. ஆடு வைத்திருப்பவருக்குக் கால்நடைச் செய்தி. நாங்கள் அதை ரீடர் என்போம். போனில் ஆயிரம் வரும், யார் சொன்னது என்று தெரியாது. எங்கள் பட்டியலில் ஒவ்வொரு தலைப்புக்குக் கீழும் அது எங்கிருந்து வந்தது என்று இருக்கும். அதற்காகவே பலர் வைத்துக்கொண்டார்கள்.

நான் ஒன்பதாவது பெயில். திருச்சுழியில் டெலிபோன் பூத்தில் உட்கார்ந்திருந்தேன். எல்லார் கைக்கும் செல்போன் வந்தபின் பூத்துக்கு ஆள் வரவில்லை. அப்போதுதான் கதிரேசன் சார் இந்தப் பக்கத்தைத் தொடங்கியிருந்தார். சொந்தக்காரர்கள் எல்லாம் பருப்பு, எண்ணெய் வியாபாரம். இவர் மட்டும் கம்ப்யூட்டர். ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

"போன் எடுத்துப் பழக்கம் உண்டா?"

"அது ஒண்ணுதான் சார் பழக்கம்."

"ரொம்பப் பேசுவீங்களா?"

"இல்ல சார்."

"அப்ப நாளைக்கே வந்துருங்க."

அதுதான் இன்டர்வியூ. கம்ப்யூட்டர் பழக எட்டு மாதம் ஆயிற்று. அதில் சொல்ல ஒன்றும் இல்லை. தினமும் தப்புச் செய்தேன். பிறகு குறைந்தது.

என் வேலை புகார் எடுப்பது. அதற்கு சார் ஒரு முறை வைத்திருந்தார். நீளமான நோட்டு. ஒரு புகாருக்கு ஒரு பக்கம். மேலே, கூப்பிட்டவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். நமக்குப் புரிந்ததை எழுதக் கூடாது. திட்டினால் திட்டையும் எழுத வேண்டும். அதன் கீழே மூன்று கேள்வி. என்ன பார்த்தீர்கள்? என்ன வரும் என்று நினைத்தீர்கள்? அதற்கு முன்னால் கடைசியாக எதை அமுக்கினீர்கள்? அவ்வளவுதான். ஆறுதல் சொல்லக் கூடாது. வாக்குக் கொடுக்கக் கூடாது. சரியாகிவிட்டது என்று கூப்பிட்டவரே சொல்லும் வரை பக்கத்தை மூடக் கூடாது.

சாயங்காலம் நாலு மணிக்கு சார் அந்த நோட்டை வாங்கி, நின்றுகொண்டே, எல்லாருக்கும் கேட்கும்படி வாசிப்பார். "ஒங்க பக்கம் எங்கப்பன் மாதிரி, கூப்பிட்டா பத்து நிமிசங் கழிச்சுத்தான் திரும்பிப் பாக்கும்." இதையும் அதே முகத்தோடு வாசிப்பார். யாராவது சிரித்தால் நிறுத்தி, அவர்கள் சிரித்து முடிக்கும் வரை நிற்பார். பிறகு அடுத்த வரி. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அலுவலகத்தில் ஒரு வாக்கியம் மட்டும் சொல்லக் கூடாது. "அவுகளுக்குத் தெரியல சார்." அதைச் சொன்னவர் அன்று சாயங்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் போன் எடுக்க வேண்டும். இது தண்டனை என்று அவர் சொன்னதில்லை. "கொஞ்சம் அக்கா பக்கத்துல உக்காருங்க" என்பார்.

மூன்றாவது வருடமோ நாலாவது வருடமோ, ஒரு சித்திரை மாதம். மல்லாங்கிணற்றிலிருந்து ஒரு மல்லி வியாபாரி கூப்பிட்டார். பெரிய மனிதர், வயது எழுபது இருக்கும்.

"ஏம்மா, வானத்துல ஒத்த மேகம் இல்ல. ஒங்க பக்கத்துல மட்டும் புயல் அடிக்குது. காயப்போட்ட மல்லி பூரா அள்ளி உள்ள போட்டுட்டு ஆளுக நிக்கிறாக. எப்ப அடிக்கும்னு கேட்டுச் சொல்லு."

விஷயம் இதுதான். ஒரு துறையின் இணையதளத்தைப் புதுப்பித்திருக்கிறார்கள். அதில் கிடந்த பழைய அறிவிப்பெல்லாம் அன்றைய தேதியோடு எங்களுக்கு வந்துவிட்டது. அதில் ஆறு மாதத்துக்கு முந்திய மழை எச்சரிக்கையும் ஒன்று. எங்கள் பக்கம் கேள்வி கேட்காமல் எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிட்டது. அடுத்த வாரமே சார் ஒரு மாற்றம் செய்தார். செய்தி எழுதப்பட்ட நாள் ஒன்று, எங்களுக்கு வந்து சேர்ந்த நாள் ஒன்று, இரண்டும் தெரியும்படி. புரோகிராமர் விக்னேஷ் இதை அறிவிப்பாக எழுதினான். இங்கிலீஷிலிருந்து வந்த பன்னிரண்டு வரி. எனக்குப் புரியவில்லை. சார் என்னைப் பார்த்தார்.

"அந்த மல்லிக்காரருக்கு போன்ல எப்படிச் சொல்வீங்களோ, அப்படி எழுதுங்க."

எழுதினேன். "இனி ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு தேதி இருக்கும். மேலே உள்ளது எழுதிய நாள். கீழே உள்ளது எங்களுக்கு வந்த நாள். மல்லியை அள்ளும் முன் மேலே உள்ளதைப் பாருங்கள்."

சார் வாசித்தார். கடைசி வரியை எடுக்கச் சொல்வார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. அன்றிலிருந்து எந்த மாற்றம் என்றாலும் அறிவிப்பை எழுதுவது நான். எழுத்தைப் பெரிதாக்கியது, வரிசையை மாற்றியது, செய்தியை வாசித்துக் காட்டும் வசதி, வேண்டாத தலைப்பைத் தள்ளிவைக்கும் வசதி, எல்லாவற்றுக்கும். ஊருக்குப் போகும்போது பஸ்ஸில் யாராவது அதை வாசித்துக்கொண்டு இருப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து வருவேன். நான்தான் என்று சொன்னதில்லை.

இனி அந்தப் புகார்.

ரீடரில் படித்த செய்தி வெளிறிப்போகும். ஆனால் பட்டியலை விட்டுப் போகாது. வியாபாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. "படிச்சதே திரும்பத் திரும்பக் கண்ணுல படுது, மறைச்சு விடுங்க" என்று வருடக்கணக்கில் கேட்டார்கள். என் நோட்டில் இத்தனை தடவை வேறெந்தப் புகாரும் வந்ததில்லை. கடைசியில் அந்த வசதி வந்தது. படித்த செய்தி பட்டியலிலிருந்து மறையும், "படித்தவை" என்ற தனி அறைக்குப் போகும். பட்டியலின் அடியில் ஒரு பொத்தானும் வைத்தோம். "எல்லாம் படித்தாயிற்று." அதை அமுக்கினால் மொத்தமும் ஒரே தடவையில் போய்விடும்.

சாரிடம் வெளியிடுவதற்கும் முறை உண்டு. செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி. முதலில் எங்கள் ஆறு பேருக்கு மட்டும். ஒரு வாரம் கழித்துத் தெரிந்த பத்து வாடிக்கையாளர்களுக்கு. அதற்கும் ஒரு வாரம் கழித்து எல்லாருக்கும். திரும்ப எடுக்க வழி இல்லாத மாற்றத்தை வெளியே விட மாட்டார். எல்லாம் முறைப்படி நடந்தது. அறிவிப்பை எழுதினேன். "நீங்கள் படித்த செய்தி இனி பட்டியலில் நிற்காது. 'படித்தவை' என்ற இடத்தில் இருக்கும்." இரண்டே வரி. நான் எழுதியதில் அதுதான் சுத்தம் என்று எனக்கு எண்ணம். அது பட்டியலில் முதல் செய்தியாகப் போனது. வியாபாரிகள் கூப்பிட்டுப் பாராட்டினார்கள்.

மூன்று வாரம் ஆயிற்று. பங்குனி மாதம். ஒரு திங்கட்கிழமை காலை நரிக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு போன்.

"அக்கா, கருப்பையா பேசுறேன். ஒண்ணு கேக்கணும். எங்க ஊருக்கு நியூஸ் குடுக்குறத நிறுத்திப்புட்டீகளா?"

எழுதினேன். என்ன பார்த்தீர்கள் என்றேன்.

"புதிய செய்தி இல்லைன்னு வருது. தெனமும் அதே."

"என்ன வரும்னு நெனச்சீக?"

"ஆட்டு ஊசி. வருசா வருசம் இந்த நேரத்துல முகாம் போட்டு ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போடுவாக. தேதி ஒங்க பக்கத்துலதான் பாப்போம். இந்த வருசம் ஒண்ணையும் காணோம். ரெண்டு ஊரு தள்ளி நோய் வந்து ஆடு சாகுதுங்கிறாக. எங்கிட்ட அறுபத்தி மூணு உருப்படி இருக்குக்கா."

"கடைசியா எதை அமுக்குனீக?"

"நான் எதையும் அமுக்கல. அமுக்குறதுக்கு ஒண்ணும் வந்தாத்தான?"

சாயங்காலம் சார் வாசித்தார். விக்னேஷ் கம்ப்யூட்டரில் பார்த்தான்.

"சார், லாகின் நல்லா இருக்கு. செய்தி எல்லாம் போயிருக்கு. போனது எல்லாத்தையும் படிச்சும் இருக்காரு. தெனம் காலையில அஞ்சு மணிக்கு. ஒண்ணு விடாம."

"எதையும் அமுக்கலேன்னு சொல்றாரு" என்றேன்.

"அப்ப அவுகளுக்கு..." என்று தொடங்கி விக்னேஷ் நிறுத்திக்கொண்டான்.

சார் நோட்டைத் திருப்பித் தந்தார். "பக்கத்த மூடாதீங்க" என்றார். மறுநாள் செவ்வாய்க்கிழமை நான் கூப்பிட்டேன். கருப்பையாவுக்கு அன்றும் புதிய செய்தி இல்லை. விக்னேஷ் பார்த்தால், காலை அஞ்சு மணிக்கு எல்லாம் படித்தாகிவிட்டது. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. சார் என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு பஸ் ஏறிப் போய்ப் பாத்துட்டு வாங்க."

புதன்கிழமை போனேன். திருச்சுழி, நரிக்குடி, அங்கிருந்து மினி பஸ். அந்த ஊரில் இறங்கும்போது மணி ரெண்டு தாண்டிவிட்டது. ஊரின் பெயரை எழுதவில்லை. அவர்கள் மேல் தப்பு இல்லை.

கருப்பையா பால் சொசைட்டி வாசலில் நின்றார். நாற்பது வயது ஆள். ஆடு எங்கே என்றேன். கிடையில் என்றார். அறுவடை முடிந்த காடுகளில் ராத்திரி ஆடுகளை அடைத்துப் போட்டால் நிலத்துக்கு உரம். அதற்குக் கிடை போடுவது என்று பெயர். பங்குனியில் அந்த ஊர் ஆடு எதுவும் ஊரில் இருக்காது. ஒரு கிடை திருச்சுழிப் பக்கம், ஒன்று கண்மாய்க்கு அந்தப் பக்கம், ஒன்று அதற்கும் தூரம்.

போனை வாங்கிப் பார்த்தேன். புதிய செய்தி இல்லை. நிமிர்ந்தேன். சொசைட்டிச் சுவரில் பால் கறந்து வரவேண்டிய நேரம் நீலப் பெயின்ட்டில் எழுதியிருந்தது. அதன் கீழே அதே பெயின்ட்டில் எங்கள் ரீடரின் பெயர். லாகின் பெயர். பாஸ்வேர்டு.

"இது என்னய்யா?"

"நம்ம ஊரு பாஸ்வேர்டு. செக்ரட்டரி ஆரம்பத்துல ஒரு தடவ பதிஞ்சாரு. ஆளாளுக்குப் போய் அவரத் தொல்ல பண்ணக் கூடாதுன்னு எழுதிப் போட்டுட்டாரு."

"எத்தன வீட்டுல வச்சுருக்கீக?"

"நாப்பது இருக்கும். ஏன்க்கா, பெயின்ட்டு அழியுதா?"

நாங்கள் கம்ப்யூட்டரில் அந்த ஊருக்கு ஓர் ஆள் என்று எண்ணிக்கொண்டிருந்தோம்.

அப்போது மில் வேன் வந்து நின்றது. காலை ஷிப்ட் முடிந்து ஒருவர் இறங்கினார். கருப்பையாவின் மச்சினன், தங்கப்பாண்டி. நான் யார் என்று தெரிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார்.

"நான் தெனம் படிப்பேங்க. வேனுக்கு நிக்கிறப்ப, அஞ்சு மணிக்கு. ஒரு வரி விட மாட்டேன்."

"படிச்சு முடிச்சதும் என்ன செய்வீக?"

"இப்பக் கீழ ஒண்ணு வச்சுருக்கீகளே, எல்லாம் படித்தாயிற்றுன்னு. அத அமுக்கிருவேன். பேப்பர் படிச்சா மடிச்சு வைக்கணும்ல. அடுத்த ஆளு எடுத்துப் பாக்க வேணாமா?"

சொசைட்டிப் படியில் உட்கார்ந்தேன். இவர் மரியாதைக்காக மடித்துவைத்திருக்கிறார். இவர் மடித்ததும் மற்ற முப்பத்தொன்பது வீட்டிலும் எல்லாம் மறைந்திருக்கிறது. படித்தது இனி மறையும் என்று நான் எழுதினேனே, அந்த அறிவிப்பே பட்டியலில்தான் வந்தது. அதையும் மறுநாளே அஞ்சு மணிக்கு இவர் படித்தார். மடித்தார். அதுவும் மறைந்துவிட்டது.

"நீங்கள் படித்தது" என்று எழுதியிருந்தேன். அந்த ஊரில் நீங்கள் என்றால் நாற்பது வீடு.

கருப்பையாவின் போனில் "படித்தவை" அறையைத் திறந்தேன். இருபத்து மூன்று நாள் செய்தி அடுக்கி இருந்தது. மேலிருந்து நாலாவது. ஆட்டுக்கொல்லி நோய் தடுப்பூசி முகாம். அந்த ஊர். வியாழன் காலை ஆறரை மணி. திங்கள் ராத்திரி வந்திருக்கிறது. அன்று புதன். மணி ரெண்டே முக்கால்.

காட்டினேன். கருப்பையா இரண்டு தடவை வாசித்தார். பிறகு மச்சினனைப் பார்த்தார்.

"ஏலே, இத நீ படிச்சியா?"

"நேத்துக் காலையில படிச்சேன் மாப்ள. ஊருக்கே தெரியும்னு நெனச்சேன். எங்கிட்ட ஏது ஆடு?"

"ஆடு இல்லேன்னா வாயுமா இல்ல? நீ படிச்சுக் கிழிச்சது போதும், அந்தப் போன இங்க குடு."

"அவரத் திட்டாதீக. தப்பு எங்க மேல" என்றேன். வாக்குக் கொடுக்கக் கூடாது, ஆறுதல் சொல்லக் கூடாது என்று முறை. தப்பை ஒத்துக்கொள்ளக் கூடாது என்று முறை இல்லை.

கருப்பையாவிடம் மேய்ப்பவர்கள் எல்லாருடைய நம்பரும் இல்லை. இருந்த மூன்று நம்பரில் ஒன்று எடுக்கவில்லை. கிடை மூன்று பக்கம் கிடக்கிறது. இருட்டுவதற்குள் புறப்பட்டால்தான் காலையில் ஊருக்கு வந்து சேரும். நான் சாரைக் கூப்பிட்டேன்.

அவர் என்னிடமே மூன்று கேள்வியையும் கேட்டார். அதே குரல். நான் சொன்னேன். சுவரையும் சொன்னேன். "அப்ப நாப்பது பேருக்கு மூணு வாரமா நாம ஒண்ணும் குடுக்கல" என்றார்.

"ஆமா சார்."

"மறைக்கிற வசதிய இப்பவே எடுத்துர்றேன். எல்லாருக்கும். இன்னைக்குப் புதன்கிழமைன்னு விக்னேஷ் சொல்றான். தெரியும்னு சொல்லிட்டேன். அந்த முகாம் செய்திய மட்டும் புதுசா திருப்பி அனுப்புறேன். எல்லாப் போன்லயும் மணி அடிக்கும். பத்து நிமிசம்."

நாங்கள் மூன்று பேரும் படியில் உட்கார்ந்திருந்தோம். கருப்பையா போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார், கோழிக்குஞ்சு வைத்திருப்பதுபோல. பத்து நிமிடம் என்றவர் எட்டு நிமிடத்தில் முடித்துவிட்டார். முதலில் கருப்பையா கையில் மணி அடித்தது. பிறகு தங்கப்பாண்டியின் சட்டைப் பையில். பிறகு எதிர் வீட்டுக்குள், அடுத்த வீட்டுக்குள், கடையில். தங்கப்பாண்டி போனை எடுத்தார். கட்டைவிரல் தானாகக் கீழே போனது.

"கைய எடு மாப்ள" என்றார் கருப்பையா.

அவர் போன் உடனே அடித்தது. அந்தப் பக்கம் பேசியது எனக்கே கேட்டது. கண்மாய்க்கு அந்தப் பக்கத்துக் கிடையிலிருந்து ஒருவர்.

"ஏலே கருப்பா, காலையில ஊசியாம்ல. இப்பத்தான் போன்ல வருது. ஒனக்கு முந்தியே தெரிஞ்சு கமுக்கமா இருந்துருக்கியோ?"

"பேசாதடா. பத்தி விடு, பத்தி விடு."

நான் நாலரை மணி மினி பஸ்ஸில் ஏறினேன். திருச்சுழி ரோட்டில் ஒரு கிடை எதிரே வந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். நிறைய ஆடு. பஸ் நின்று நின்று போனது. பக்கத்தில் இருந்தவர்கள் அலுத்துக்கொண்டார்கள். எனக்கு அலுப்பு இல்லை.

மறுநாள் காலை ஒன்பது மணியிலிருந்து வியாபாரிகளின் போன். "கேட்டுக் கேட்டுத் தந்தீக. நல்லா இருந்துச்சு. எதுக்குப் புடுங்குனீக?" பத்தொன்பது போன் எடுத்தேன். எல்லாவற்றையும் எழுதினேன். இடையில் அறிவிப்பு எழுத வேண்டும். விக்னேஷ், "சில தொழில்நுட்பக் காரணங்களால்னு போடுங்கக்கா, யாரும் கேக்க மாட்டாக" என்றான். அவன் கெட்டவன் இல்லை. அந்த மாற்றத்துக்கு நாலு மாதம் உழைத்தவன்.

நான் எழுதியது இது. "படித்தது மறையும் என்று போன மாதம் ஒரு மாற்றம் செய்தோம். அது தவறு. ஒரே லாகினைப் பலர் வைத்திருப்பதை நாங்கள் எண்ணவில்லை. திரும்ப எடுத்துவிட்டோம்."

சார் நின்றுகொண்டு வாசித்தார். எல்லாரும் கேட்டார்கள். "தவறு" என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார். மாற்றச் சொல்லவில்லை. அப்படியே போனது. அது போனபின் வியாபாரிகளின் போன் குறைந்துவிட்டது. ஒருவர் மட்டும் கூப்பிட்டு, "எங்க கடையிலயும் நாலு பேரு ஒரே லாகின்தாம்மா, அதான் அன்னைக்கு மல்லி விலை என் கண்ணுல படாமப் போச்சா?" என்று கேட்டார். அதையும் எழுதினேன்.

பதினோரு மணிக்குக் கருப்பையா கூப்பிட்டார். ஆடு கத்துகிற சத்தத்தில் பாதி கேட்கவில்லை.

"அறுபத்தி மூணுக்கும் போட்டாச்சுக்கா. ஊருல முக்காவாசிக்கு மேல போட்டாச்சு."

"மிச்சம்?"

"சோலையம்மா ஆடு வரல. அது தூரத்துக் கிடை. அவுககிட்ட பட்டன் போன்தான். ஒங்க ரீடரெல்லாம் அதுல வராது. ஆளு போய்ச் சொல்றதுக்குள்ள விடிஞ்சிருச்சு."

ஒரு மாதத்தில் நோய் அந்த ஊருக்கும் வந்தது. ஊசி போட்ட ஆடுகளை விட்டுவிட்டது. சோலையம்மாளுக்குப் பதினொன்று போனது. நாற்பதைத் தாண்டி அந்த ஊரில் இன்னும் வீடுகள் இருந்தன. அதை நாங்கள் சுவரைப் பார்த்தும் எண்ணவில்லை.

விக்னேஷ் ஒன்றரை மாதத்தில் வேறு விதமாகச் செய்தான். படித்தது என்ற அடையாளம் லாகினுக்கு இல்லை, அந்தந்தப் போனுக்கு. ஒருவர் படித்தால் அவர் போனில் மட்டும் மறையும். வியாபாரிகளுக்கும் சந்தோஷம், ஊருக்கும் குறை இல்லை. நல்ல வேலை. வெளியே இருந்து வந்து பார்த்துவிட்டு வேறு கம்பெனிக்காரர்கள் கேட்டார்கள், இது எப்படித் தோன்றியது என்று. விக்னேஷ் என்னைக் காட்டினான்.

ஆனால் எனக்கு அந்தப் பதினொன்று தீரவில்லை. பட்டன் போனுக்கு என்ன வழி என்று சாரிடம் கேட்டேன். நானாக அவரிடம் கேட்ட முதல் மாற்றம் அதுதான். முகாம், மழை எச்சரிக்கை, கண்மாய் மடை திறப்பு, இப்படித் தேதி தவறினால் நஷ்டமாகும் செய்தியை மட்டும் ரீடரே போன் போட்டுச் சொல்ல வேண்டும். சார் யோசித்தார். செய்யலாம் என்றார். யார் குரலில் என்று ஒரு பேச்சு வந்தது. கம்ப்யூட்டர் குரல் ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். சார் முகம் சுளித்தார்.

"அக்கா பேசட்டும். தேவைக்கு மேல பேச மாட்டாங்க."

ஊர்ப் பெயர்கள், கிழமைகள், மணிகள், முகாம் வகைகள் என்று தனித்தனியாகப் பேசிப் பதிந்தேன். நாலு நாள் ஆயிற்று. அவற்றைக் கோத்து ரீடர் பேசும். சோலையம்மாள் நம்பரை முதலாவதாக நானே ஏற்றினேன்.

அடுத்த வருடப் பங்குனியில், முகாம் முடிந்த மத்தியானம், ஒரு போன் வந்தது. வயதான குரல். சோலையம்மாள் என்று பேரைச் சொன்னதும் நோட்டை எடுத்தேன்.

"ஏ தாயி, ஒங்க ஆபீஸ்லருந்து ஒரு பொம்பள போன் போட்டா. அவ மேல ஒரு பிராது."

"சொல்லுங்க ஆத்தா."

"ஊருக்கு ஊசி, வியாழக்கிழம, ஆறரை மணின்னா. சரித்தா, ஆட்டுக்குட்டிக்கும் போடுவாகளான்னு கேட்டேன். பதிலு இல்ல. திருப்பி அதையே சொல்லிட்டு டக்குனு வச்சுட்டா. வயசானவ கேக்குறாளேன்னு ஒரு மருவாத வேணாம்? ரொம்பத் தலக்கனம் புடிச்சவளா இருக்கா."

சொன்னபடியே எழுதினேன். தலைக்கனம் என்பதையும் எழுதினேன். சாயங்காலம் சார் அதைச் சிரிக்காமல் வாசித்தார். மற்றவர்கள் சிரித்து முடிக்கும் வரை நின்றார். பிறகு, குட்டி எத்தனை மாதமானால் ஊசி போடலாம் என்பதையும் பேசிப் பதிந்துவிடுங்கள் என்றார். பதிந்தேன்.

அது சாயங்காலம். மத்தியானம் போனில் நான் சோலையம்மாளிடம் கேட்டது ஒன்றுதான்.

"ஊசி போட்டீகளா ஆத்தா?"

"போடாம? அவ சொன்னா, நேத்தே பத்திட்டு வந்துட்டேன். இருபத்தேழுக்கும் போட்டாச்சு. குட்டிக்கும்."